பெர்னார்டு ஃபிஷரின் பணிவாழ்க்கையும் பி-06 ஆய்வும்: 1994 சர்ச்சைக்குப் பிறகு அதை எப்படி வாசிப்பது?

கேள்வி
எழுதியவர்: இளவேனில்

அனைவருக்கும் வணக்கம். நான் பொது அறுவைசிகிச்சையில் முதுநிலை இறுதியாண்டு மாணவி. எங்கள் துறையின் ஆய்விதழ் வாசிப்புக் கூட்டத்தில் அடுத்த மாதம் நான் பேச வேண்டிய கட்டுரை, 2002ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான பி-06 ஆய்வின் 20 ஆண்டு முடிவுகள். மார்பகப் புற்றுநோய்க்கு முழு மார்பகத்தையும் அகற்ற வேண்டுமா, கட்டியை மட்டும் அகற்றினால் போதுமா என்று ஒப்பிட்ட ஆய்வு அது. கட்டுரையின் எண்கள் எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டன. பிடிபடாமல் இருப்பவர் அதன் முதல் ஆசிரியரான பெர்னார்டு ஃபிஷர்தான்.

1918இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்து, அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே 1943இல் மருத்துவப் பட்டம் பெற்று, அங்கேயே பேராசிரியராகவும் ஆய்வாளராகவும் பல பத்தாண்டுகள் பணியாற்றி, 2019இல் தமது 101ஆவது வயதில் மறைந்தவர் என்பது வரை தேடிப் படித்துவிட்டேன். ஆனால் அவருடைய தொடக்ககால ஆய்வுகள் கல்லீரல் மீண்டும் வளர்வதைப் பற்றியும் உறுப்பு மாற்றத்தைப் பற்றியும் அல்லவா இருக்கின்றன? அப்படிப்பட்டவர் மார்பகப் புற்றுநோய்க்குள் எப்படி வந்தார், அதுவரை மார்பகத்தை முழுமையாக அகற்றிக்கொண்டிருந்த மூத்த அறுவைசிகிச்சை நிபுணர்களை எப்படி இணங்க வைத்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. மேலும், 1994இல் அவர் அந்த ஆய்வை நடத்திய கூட்டமைப்பின் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டதாகவும், பி-06இல் பொய்யான தரவுகள் கலந்திருந்ததாகவும் படித்தேன். எங்கள் பேராசிரியர் இதை நிச்சயம் கேட்பார். எனக்கு நேர்மையான பதில் வேண்டும்.

இதை இங்கே கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்ற வாரம் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு பெண்மணிக்கு 2 செ.மீ. அளவுள்ள கட்டி, கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேலே இருப்பதை மட்டும் வெட்டினால் வேர் உள்ளே நின்றுவிடாதா, டாக்டரம்மா?" என்றார். நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை.

பதில் 1
எழுதியவர்: பழையகத்தி (ஓய்வுபெற்ற அறுவைசிகிச்சை நிபுணர்)

அம்மா இளவேனில், அந்தக் கணவர் கேட்டதைத்தான் பல பத்தாண்டுகளாக உலகத்தின் பெரிய அறுவைசிகிச்சை நிபுணர்களில் பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆகவே அவரைக் குறைத்து எண்ண வேண்டாம்.

பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் 50 நோயாளிகளின் விவரங்களோடு வெளியிட்ட கட்டுரையின் அடிப்படை இதுதான்: புற்றுநோய் ஓரிடத்தில் முளைத்து, நிணநீர்க் குழாய்களின் வழியே அக்கம்பக்கத்துத் திசுக்களுக்கும் அக்குள் கணுக்களுக்கும் படிப்படியாகப் படரும், ஆகவே போதிய அளவு அகலமாகவும் ஆழமாகவும் தோண்டி எடுத்துவிட்டால் நோயை வேரோடு பிடுங்கிவிடலாம். அதன்படி மார்பகம், அதன் கீழுள்ள மார்புத் தசைகள், அக்குளின் கணுக்கள் ஆகியவை ஒரே துண்டாக வெளியே வந்தன. நான் எழுபதுகளின் பிற்பகுதியில் பயிற்சி பெற்றவன். அந்த அறுவைசிகிச்சையில் உதவியாளனாக நின்றிருக்கிறேன். காயம் ஆறிய பிறகு விலா எலும்புகளின் மீது தோல் மட்டும் ஒட்டிக்கிடக்கும். காறை எலும்புக்குக் கீழே ஒரு கை நுழையும் அளவுக்குக் குழி விழுந்திருக்கும். பலருக்குக் கை வீங்கி, வளையலைக் கழற்ற முடியாமல் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். எங்கள் தலைமை மருத்துவர் அதைப் பார்த்து வருந்தாதவர் அல்லர். உயிரைக் காக்க வேறு வழி இல்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

இனி ஃபிஷர் உள்ளே வந்த கதை. மார்பகப் புற்றுநோயில் தமக்குத் தனி ஈடுபாடு எதுவும் இருந்ததில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பிட்ஸ்பர்க்கில் அறுவைசிகிச்சை ஆய்வுக்கென ஓர் ஆய்வகத்தை அமைத்து, கல்லீரல், சிறுநீரக மாற்றம், உடலைக் குளிர்வித்துச் செய்யும் அறுவை என்று வேலை செய்துகொண்டிருந்தவரை 1957இல் அழைத்தவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசானாக இருந்த ஐசிடர் ராவ்டின். அறுவைசிகிச்சையோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் பயன் உண்டா என்று பல மருத்துவமனைகள் கூடிச் சோதிக்கும் ஒரு கூட்டமைப்பை அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம் தொடங்கவிருந்தது. என்எஸ்ஏபிபி என்று நாம் சுருக்கிச் சொல்லும் அமைப்பின் தொடக்கம் அதுவே. ஆசான் கூப்பிட்டார், மாணவர் போனார், அவ்வளவுதான். போன இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டது மார்பகம் அன்று, சிகிச்சை முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிடக் கணிதம் இருக்கிறது என்ற செய்தி. ஓர் அறுவை நிபுணருக்கு அந்தக் காலத்தில் அது புதுமைதான். "என் கையில் நன்றாக வருகிறது" என்பதுதான் எங்களுக்கெல்லாம் சான்று.

அவருடைய கல்லீரல் அனுபவமும் வீணாகவில்லை. நோய்க்குறியியல் நிபுணரான தம் சகோதரர் எட்வினோடு சேர்ந்து அவர் செய்த ஒரு சோதனையை உன் உரையில் கட்டாயம் சேர்த்துக்கொள். எலிகளின் கல்லீரலுக்குச் செல்லும் சிரைக்குள் வெறும் 50 புற்றணுக்களைச் செலுத்தினார்கள். மாதக்கணக்கில் விட்டுவைத்தும் கல்லீரலில் கட்டி எதுவும் தோன்றவில்லை. ஆனால் அதே போன்ற எலிகளின் வயிற்றைத் திறந்து கல்லீரலைக் கையால் தொட்டுப் பார்த்து மூடுவதைத் திரும்பத் திரும்பச் செய்தபோது, அங்கே கட்டிகள் முளைத்தன. அணுக்கள் அத்தனை நாளும் உறங்கிக் கிடந்திருக்கின்றன. 1959இல் சயின்ஸ் இதழில் இது வந்தது. பின்னர் நிணநீர்க் கணுக்களைச் சோதித்தபோது, அவை புற்றணுக்களைத் தடுத்து நிறுத்தும் அணைகளாக இல்லை, பல அணுக்கள் அவற்றைக் கடந்தே போய்விட்டன என்று கண்டார்கள். அணுக்கள் கணுவிலிருந்து இரத்தத்துக்கும் போகின்றன, இரத்தத்திலிருந்து கணுவுக்கும் வருகின்றன என்றால், ஹால்ஸ்டெட் வரைந்த படிப்படியான பாதையே இல்லை என்றாகிறது.

அந்தக் கணவருக்கு நீ சொல்லியிருக்க வேண்டிய பதில் இதில்தான் இருக்கிறது: ஐயா, இது வேர் விடும் நோய் அன்று, விதை தூவும் நோய். தூவிய விதை இரத்தத்தில் போயிருந்தால் மார்பு முழுவதையும் எடுத்தாலும் அதைப் பிடிக்க முடியாது, அதற்கு மருந்துதான் வேண்டும். தூவாமல் இருந்தால் கட்டியோடு போய்விடும்.

பதில் 2
எழுதியவர்: எண்ணும்எழுத்தும்

நான் மருத்துவர் அல்லேன். மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் வேலை பார்ப்பவன். பெரியவர் சொன்னதைத் தொடர்ந்து, இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

மூத்தவர்களை ஃபிஷர் "இணங்க வைத்தார்" என்று சொல்வது அவ்வளவு சரியன்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் குஷ்மன் ஹாகன்சன் போன்றவர்கள் கடைசிவரை இணங்கவே இல்லை. ஃபிஷருக்கு முன்பும் சிறிய அறுவையை ஆதரித்தவர்கள் இருந்தார்கள்: லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் (பொருளியல் அறிஞர் கெய்ன்ஸின் தம்பி) 1920களிலேயே கட்டிக்குள் ரேடிய ஊசிகளைச் செருகிச் சிகிச்சை அளித்தார், கிளீவ்லாந்தில் ஜார்ஜ் கிரைல் தம் நோயாளிகளுக்குச் சிறிய அறுவையே போதும் என்று பகிரங்கமாகப் பேசினார். இவர்கள் இருவரும் பெருமளவில் சரியே என்பது இப்போது நமக்குத் தெரியும். ஆனால் அவர்கள் காட்டியது தம் நோயாளிகளின் பட்டியலை. எதிர்த்தரப்பும் தன் பட்டியலை நீட்டியது. இரண்டு பட்டியல்களிலும் இருந்த நோயாளிகள் ஒரே மாதிரியானவர்களா என்று யாரும் சொல்ல முடியாத நிலையில், வாதம் குரலின் வலிமையால் முடிவானது. ஃபிஷர் செய்த வேலை, யார் எந்தச் சிகிச்சை பெறுவார் என்ற தீர்மானத்தை அறுவை நிபுணரின் கையிலிருந்து பிடுங்கி, குலுக்கலிடம் ஒப்படைத்தது. 1967இல் அவர் என்எஸ்ஏபிபியின் தலைவரானார். 1971இல் பி-04 என்ற ஆய்வு தொடங்கியது.

பி-04ஐ விட்டுவிட்டு பி-06ஐ மட்டும் பேசுவது, அடித்தளத்தைக் காட்டாமல் மாடியைக் காட்டுவது போலாகும். அக்குளில் நெறி கட்டியதாகக் கைக்குத் தென்படாத 1,079 பெண்கள் மூன்று குழுக்களாக ஒதுக்கப்பட்டார்கள்: ஒரு குழுவுக்கு ஹால்ஸ்டெட் முறை, ஒரு குழுவுக்கு மார்பகத்தை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு, ஒரு குழுவுக்கு மார்பகத்தை மட்டும் அகற்றிவிட்டு, அக்குளைத் தொடாமல், பின்னால் கணு பெருத்தால் மட்டும் அதை எடுப்பது. அக்குளில் கணு தென்பட்ட 586 பெண்கள் ஹால்ஸ்டெட் முறைக்கும், மார்பகம் அகற்றிய பின் கதிர்வீச்சுக்கும் என இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள்.

இங்கே நின்று ஒரு கணக்கைப் பாருங்கள். முதல் குழுவில் அகற்றிய கணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு அவற்றில் புற்று இருந்தது. குலுக்கல் சரியாக நடந்திருந்தால், அக்குளைத் தொடாத மூன்றாவது குழுவிலும் அதே அளவினர் புற்றுள்ள கணுக்களோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அவர்களில் பின்னால் கணு பெருத்து வந்தவர்கள் நூற்றுக்கு 20 பேர்கூட இல்லை. மற்றவர்களின் கணுக்களில் இருந்த புற்று, வளராமலே கிடந்துவிட்டது. உயிர்பிழைப்பிலோ மூன்று குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த பிறகும் இல்லை. ஹால்ஸ்டெட் கோட்பாட்டின்படி, தெரிந்தே "வேரை" விட்டுவைத்த அந்த மூன்றாவது குழு கூடுதலாக மடிந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை, ஒரு கருதுகோளை மனிதர்களிடம் இவ்வளவு நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் மிகச் சில.

அதற்குப் பிறகு 1976இல் பி-06. கட்டி 4 செ.மீ. அல்லது அதற்குக் குறைவாக உள்ள பெண்கள்; முழு மார்பகத்தையும் அகற்றுவது, கட்டியை மட்டும் அகற்றுவது, கட்டியை அகற்றிக் கதிர்வீச்சு கொடுப்பது என மூன்று குழுக்கள்; எல்லோருக்கும் அக்குள் கணுக்கள் அகற்றப்பட்டன. உங்கள் கையில் உள்ள 2002 கட்டுரை இதில் 1,851 பேரைக் கணக்கில் எடுக்கிறது. உயிர்பிழைப்பில் வேறுபாடு இல்லை. அதே மார்பகத்தில் நோய் திரும்பியது மட்டும் கதிர்வீச்சு பெற்றவர்களில் 14.3 விழுக்காடு, பெறாதவர்களில் 39.2 விழுக்காடு. அந்த இதழிலேயே இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரோனேசி நடத்திய ஆய்வின் 20 ஆண்டு முடிவும் இருக்கிறது. அங்கே 701 பெண்கள், 2 செ.மீ.க்கு மேற்படாத கட்டிகள், கட்டியோடு மார்பகத்தின் கால்பகுதியை எடுக்கும் முறை; முடிவு அதுவே. ஒருவரோடொருவர் கலக்காத இரண்டு குழுவினர், இரண்டு கண்டங்களில், ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். உங்கள் பேராசிரியர் 1994ஐப் பற்றிக் கேட்டால் முதலில் மிலானைச் சொல்லுங்கள்.

இப்போது 1994. கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்த செயின்ட் லூக் மருத்துவமனை என்எஸ்ஏபிபிக்கு அதிக நோயாளிகளைச் சேர்த்த இடங்களில் ஒன்று. பி-06இல் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் அங்கிருந்து வந்தவர்கள். 1990இல் பிட்ஸ்பர்க் தலைமையகத்தில் தரவு சரிபார்க்கும் ஊழியர்களின் கையில் ஒரே நோயாளியின் படிவம் இரண்டு பிரதிகளாகச் சிக்கியது. எல்லாம் ஒன்றாக இருக்க, அறுவைசிகிச்சை நடந்த தேதி மட்டும் வேறு வேறாக இருந்தது. தோண்டிப் பார்த்தபோது, செயின்ட் லூக்கில் இருந்த மூத்த அறுவை நிபுணர் ரோஜே புவாசோன், தேதி கடந்துவிட்டதால் தகுதி இழந்த பெண்களை ஆய்வுக்குள் கொண்டுவருவதற்காகத் தேதிகளையும் வேறு சில விவரங்களையும் மாற்றியிருந்தது தெரிந்தது. அமெரிக்க அரசின் விசாரணை, 99 நோயாளிகளின் பதிவுகளில் 115 இடங்களில் இப்படி நடந்திருப்பதாகக் கண்டது. இவை பல ஆண்டுகளில் பல ஆய்வுகளில் பரவிக் கிடந்தவை, பி-06இல் மட்டும் நடந்தவை அல்ல.

ஃபிஷரின் அலுவலகம் 1991 தொடக்கத்தில் இதை அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்குத் தெரிவித்தது. ஆனால் அந்தத் தரவுகளை நீக்கிவிட்டுச் செய்த மறுகணக்கை இதழ்களில் வெளியிடவில்லை. முடிவு மாறவில்லை என்பதால் அவசரமில்லை என்று அவர்கள் எண்ணியிருக்கலாம்; 1994 மார்ச்சில் சிகாகோ ட்ரிப்யூன் நாளேடு செய்தியை வெளியிட்டபோது அந்த மௌனம் மறைப்பாகத் தெரிந்தது. அரசின் வற்புறுத்தலால் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. மருத்துவக் கட்டுரைகளின் தேசியத் தரவுத்தளத்தில் அவருடைய கட்டுரைகளின் மீது முறைகேட்டைக் குறிக்கும் எச்சரிக்கைக் குறிப்பு ஏற்றப்பட்டது. பொய்யைக் கண்டுபிடித்தது அவருடைய சொந்த அலுவலகம்தான் என்பதை அந்தக் கூச்சலில் பலர் மறந்தார்கள்.

1995இல் மறுகணக்கு வெளியானது. 2,105 பேரையும் குலுக்கலில் விழுந்த குழுவிலேயே வைத்துப் பார்த்தது ஒன்று. தகுதியுள்ள 1,851 பேரை மட்டும் வைத்துப் பார்த்தது மற்றொன்று. அதிலிருந்து செயின்ட் லூக்கின் 322 பேரையும் நீக்கி 1,529 பேரை வைத்துப் பார்த்தது இன்னொன்று. மூன்றிலும் முடிவு ஒன்றே. உங்களுக்கு வேண்டிய நேர்மையான பதில் இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்: தரவில் பொய் இருந்தது உண்மை, முடிவில் அது இல்லை. ஃபிஷர் பொய் சொன்னவர் அல்லர், ஆனால் தாமதித்தவர். 1997இல் விசாரணை அவர்மீது குற்றமில்லை என்றது. அவர் தொடுத்த வழக்கில் பல்கலைக்கழகம் 27.5 லட்சம் டாலர் கொடுத்ததோடு பகிரங்கமாக வருத்தமும் தெரிவித்தது. அப்போது அவருக்கு வயது 79ஐ எட்டியிருந்தது.

பதில் 3
எழுதியவர்: வைகைக்கரை

மருத்துவம் படித்தவர்களுக்கு இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு 2011இல் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நான் பிழைத்திருப்பதால் அந்த முறைதான் சிறந்தது என்று வாதிட வரவில்லை. முழுமையாக அகற்றிக்கொண்ட என் தோழியும் நலமாகவே இருக்கிறாள்.

உங்கள் பேச்சில் ஒரு வரி சேர்ப்பீர்களா என்று கேட்கவே வந்தேன். எழுபதுகளின் அமெரிக்காவில் ஒரு பெண் கட்டியோடு மருத்துவமனைக்குப் போனால், மயக்க மருந்து கொடுத்துக் கட்டியின் துண்டை எடுத்து உறையவைத்துப் பார்ப்பார்களாம். புற்று என்று தெரிந்தால், அவரை எழுப்பிக் கேட்காமல் அப்படியே மார்பகத்தையும் அகற்றிவிடுவார்களாம். கண் விழித்து, கையால் தடவிப் பார்த்துத்தான் தனக்கு என்ன நோய் என்றே அவர் அறிந்துகொள்வார். 1974இல் தமக்குப் புற்று என்று தெரிந்த ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் இதை ஏற்க மறுத்து, சோதனையை ஒரு நாளும் அறுவையை வேறொரு நாளும் செய்ய வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 1979இல் அரசு கூட்டிய வல்லுநர் குழு அதை ஏற்றுக்கொண்டது. குலுக்கலுக்குத் தம் உடலைக் கொடுத்த ஆயிரக்கணக்கான பெண்களையும், கேள்வி கேட்ட இந்தப் பெண்களையும் விட்டுவிட்டு, ஒரு பேராசிரியர் தனியாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்பது கதிர்வீச்சு கிடைத்தால்தான். எங்கள் பக்கத்தில் அதைக் "கரண்ட் வைப்பது" என்பார்கள். ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், விடியற்காலை 4.40 பேருந்து. படுக்கவைத்து, தோலில் மையால் போட்ட கோடுகளைச் சரிபார்த்து, இயந்திரம் ஓடுவது சில நிமிடம்தான். காத்திருப்பது அரை நாள். அந்தக் கோடு அழியக் கூடாது என்பதால் அந்தப் பக்கம் சோப்புப் போடக் கூடாது. சித்திரை வெயிலில் அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். என்னோடு வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மா, இரண்டாவது வாரத்தில் கூலி போகிறது என்று நின்றுவிட்டார். அவருக்கு முழு மார்பகத்தையும் எடுத்திருந்தால் நல்லதாக இருந்திருக்குமோ என்று இன்றும் எனக்குத் தோன்றுவதுண்டு.

பதில் 4
எழுதியவர்: கதிர்முனை (கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறை)

அம்மா, நீங்கள் நுழைந்தது நல்லதுதான். அந்தக் கவலை நியாயமானது, பி-06இன் 39.2 என்ற எண்ணுக்குள் இருப்பவர், பாதியில் நின்றுபோன அந்த அம்மாவைப் போன்றவர்தான். அந்த ஆய்வில் கொடுக்கப்பட்டது 50 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). பிரிட்டனில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு, 40 கிரேயை 15 அமர்வுகளில் கொடுப்பது பரவலாகிவிட்டது. ஐந்து வாரம் மூன்று வாரமாகக் குறைந்ததில், தொலைவிலிருந்து வருபவர்கள் முடித்துக்கொண்டு போக வாய்ப்புக் கூடியிருக்கிறது.

இளவேனில், பெரியவரின் "விதை" விளக்கம் வெளிநோயாளிப் பிரிவுக்குப் போதும்; கூட்டத்துக்குப் போதாது. ஃபிஷர் தம் கருத்தை ஓர் எல்லைவரை இழுத்தார்: இந்த நோய் தொடக்கத்திலிருந்தே உடல் முழுவதற்குமான நோய், ஆகவே மார்பில் என்ன செய்கிறோம் என்பது உயிர்பிழைப்பை மாற்றாது என்றார். அது முழுவதும் நிற்கவில்லை. 1997இல் டென்மார்க்கிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் நடந்த ஆய்வுகள், மார்பகம் அகற்றிய பிறகும் கணுக்களில் புற்று இருந்த, மருந்தும் பெற்ற பெண்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் உயிர்பிழைப்பே கூடுகிறது என்று காட்டின. 2005இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த கூட்டுக்கணக்கு, 78 ஆய்வுகளிலிருந்து 42,000 பெண்களை எடுத்துப் பார்த்து, அதே இடத்தில் நோய் திரும்புவதை நான்கு பேருக்குத் தடுத்தால் 15 ஆண்டுகளில் ஏறத்தாழ ஓர் உயிர் மிஞ்சுகிறது என்றது. அதாவது, சிலருக்கு நோய் அந்த இடத்திலேயே நின்றிருக்கும். சிலருக்கு முதலிலேயே தூவியிருக்கும். இடைப்பட்டவர்களுக்கு, விட்டுவைத்த மிச்சமே பின்னால் தூவும். ஹால்ஸ்டெட்டைச் சாய்த்த அதே குலுக்கல் முறை ஃபிஷரின் கருதுகோளிலும் ஒரு மூலையை இடித்தது. 14.3க்கும் 39.2க்கும் இடைப்பட்ட வேறுபாடு உயிர்பிழைப்பில் தெரியாமல் போனதற்கு, பி-06 ஒன்றின் அளவு அதைக் காட்டப் போதாமல் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

அவருடைய கருதுகோள் பலன் தந்த இடம் மருந்து. கணுக்களில் புற்று இருந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் மாத்திரையாகக் கொடுத்த மெல்ஃபலான் என்ற புற்றுநோய் மருந்து பற்றி 1975இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இன்று நாம் வழக்கமாகச் செய்யும் அறுவைக்குப் பிந்தைய கீமோவுக்கு முன்னோடி. பிறகு ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை. நோய் வரும் வாய்ப்பு மிகுந்த, ஆனால் நோய் வராத 13,388 பெண்களை வைத்து 1992இல் தொடங்கிய தடுப்பு ஆய்வு, ஊடுருவும் மார்பகப் புற்று 49 விழுக்காடு குறைந்ததாக 1998இல் அறிவித்தது. கருப்பை உட்சுவர்ப் புற்றும் இரத்த உறைவும் கூடியதையும் சேர்த்தே அறிவித்தது. 1994இன் புயல் இந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதுதான் அடித்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதில் 5
எழுதியவர்: இளவேனில்

பெரியவர் ஐயாவுக்கும், எண்ணும்எழுத்தும், கதிர்முனை இருவருக்கும், குறிப்பாக வைகைக்கரை அம்மாவுக்கும் மிக்க நன்றி. அந்தப் பெண்மணி நேற்று மீண்டும் வந்திருந்தார். இம்முறை கதிர்வீச்சுக்கு எத்தனை நாள் வர வேண்டும், எங்கே தங்குவது, யார் உடன் வருவது என்பதை முதலில் பேசினோம். அறுவைசிகிச்சையைப் பற்றிப் பிறகுதான் பேசினோம். அவருடைய கணவர் விதைக் கதையைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் மருந்தையும் எழுதிக்கொடுங்கள்" என்றார்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். பி-06இல் முதலில் பெண்கள் சேரவே தயங்கினார்கள் என்றும், குலுக்கல் முறையையே இடையில் மாற்றினார்கள் என்றும் படித்தேன். அது தரவைக் கெடுக்காதா?

பதில் 6
எழுதியவர்: எண்ணும்எழுத்தும்

நல்ல கேள்வி. "மார்பகம் இருக்குமா, போகுமா என்பதைக் குலுக்கிப் பார்த்துச் சொல்கிறேன், சம்மதமா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்பதே மருத்துவர்களுக்குக் கூச்சமாக இருந்தது, கேட்ட இடங்களில் பல பெண்களும் மறுத்தார்கள். ஆகவே 1978 முதல் முறையை மாற்றி, முதலில் குலுக்கி, எந்தச் சிகிச்சை விழுந்தது என்று தெரிந்த பிறகு, அதையும் மற்ற வழிகளையும் விளக்கிச் சம்மதம் கேட்டார்கள். சேர்க்கை வேகம் பிடித்தது. ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு: சீட்டில் என்ன விழுந்தது என்று மருத்துவருக்கு முன்பே தெரியும் என்பதால், அவர் விளக்கும் தொனி சாயலாம், ஒதுக்கிய சிகிச்சையை வேண்டாம் என்று சொல்பவர்கள் ஒரு குழுவில் கூடுதலாகவும் மற்றொன்றில் குறைவாகவும் விலகலாம். விலகியவர்களைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டால், குலுக்கலால் கிடைத்த சமநிலை போய்விடும்.

அதனால்தான் 1995 கட்டுரையின் முதல் கணக்கு, மறுத்தவர்களையும் சேர்த்து, 2,105 பேரையும் சீட்டு விழுந்த குழுவிலேயே வைத்துப் பார்க்கிறது. உங்கள் கையிலுள்ள 2002 கட்டுரையின் 1,851 பேர், தகுதியும் இருந்து, ஒதுக்கிய சிகிச்சையையும் ஏற்றுக்கொண்டவர்கள். இரண்டு எண்களையும் ஒரே படவில்லையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இடையில் உள்ள 254 பேர் ஏன் இல்லை என்பதை உங்கள் பேராசிரியர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.